சாம்பார் வாளியோடு நிற்பவர்கள்

தமிழ்நாட்டின் மனநல மருத்துவர்களுக்கும் மருத்துவ உளவியலாளர்களுக்கும்,



நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் ஒரு ஆளைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை சாம்பார் வாளியைக் கீழே வைக்கமாட்டான். "நீ உட்காருப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று கையைப் பிடித்து இழுத்தாலும் உட்காரமாட்டான். "வீட்டுக்கு இப்படி ஒரு பிள்ளை வேணும்யா" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எங்கள் சொந்தத்தில் முப்பது வருஷமாக அந்த ஆள் நான்தான். பொறுப்புணர்ச்சியெல்லாம் கிடையாது. வாளி கையில் இருந்தால் யாரும் நிறுத்திப் பேசமாட்டார்கள். "சாம்பாரா?", "இன்னும் கொஞ்சம்?", "போதுமா?" என்ற மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு நானூறு பேரைத் தாண்டிவிடலாம். வாளி கிடைக்காத கல்யாணங்களில் மண்டப வாசலில் செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்தபடி நின்றிருக்கிறேன்.

எனக்கு இப்போது 46 வயது. 43 வயதில்தான் எனக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் இருக்கின்றன என்று உங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னால் உங்களில் மூன்று பேர் அப்படி ஒன்றும் இல்லை என்று அனுப்பிவைத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள், எனக்குக் கிடைத்த எட்டு நிமிடமே பெரிது. ஆனால் அந்த எட்டு நிமிடத்தில் கேட்கப்பட்ட கேள்விகள் எதுவும் வாளியைத் தூக்கிக்கொண்டு தப்பிக்கிற ஆளைப் பிடிக்கிற கேள்விகள் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கதை என் மகனில் தொடங்குகிறது. பெரும்பாலான அப்பாக்களுக்கு அப்படித்தான் தொடங்குகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவனுக்கு 4 வயதில் பரிசோதனை நடந்தபோது உளவியலாளர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சட்டையின் கழுத்துப் பட்டையில் தைத்த லேபிள் உறுத்துகிறது என்று அழுவானா? ஒரே வழியில்தான் போகவேண்டும் என்பானா? கூப்பிட்டால் காது கேட்காதவன் மாதிரி இருப்பானா? ஏழெட்டுக் கேள்விக்குப் பிறகு என் மனைவி சிரித்துவிட்டாள். "மேடம், நீங்க பையனப் பத்திக் கேக்கறீங்களா, இவரப் பத்திக் கேக்கறீங்களா?"

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் முதல் மருத்துவரிடம் போனேன். "கண்ணைப் பார்த்துத்தானே பேசறீங்க சார். வேலையில இருக்கீங்க, கல்யாணம் ஆயிருக்கு, குழந்தை இருக்கு. உங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்றார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியின் இரண்டு வட்டமும் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு எண்ணுவேன், ஜன்னலைப் பார்ப்பேன், இரண்டு எண்ணுவேன், திரும்ப வருவேன். பத்தாம் வகுப்பில் தமிழ் ஐயா "பேசும்போது மூஞ்சியப் பாருடா" என்று கன்னத்தில் ஒன்று வைத்த நாளிலிருந்து பழகிய வித்தை அது. நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தால் சாயங்காலம் தாடை வலிக்கும். வீட்டுக்குப் போனதும் விளக்கைப் போடாமல் குளியலறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்த மருத்துவர் "எப்படிப் பார்க்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவருக்கு வேண்டியது, நான் பார்க்கிறேனா இல்லையா என்ற ஒரு டிக் மட்டும்தான்.

இரண்டாமவர் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு ஏடிஹெச்டி இருக்காது என்று முடித்தார். மூன்றாமவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். மனச்சோர்வு இருந்தது உண்மை, மாத்திரை கேட்டதும் உண்மை. ஆனால் ஒழுகுகிற கூரைக்குக் கீழே தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தோம் நானும் அவரும்.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. 22 வருஷமாகப் பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்க்கிறேன். முந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரே ஒரு இடத்தில் ரகரத்துக்குப் பதில் றகரம் விழுந்திருந்தாலும் பக்கத்தைத் திருப்பும்போதே கண்ணில் குத்தும். மேசையில் சிவப்புப் பேனாவும் அடிக்கோலும் எந்தக் கோணத்தில் இருக்கவேண்டுமோ அந்தக் கோணத்தில்தான் இருக்கும். அதே வீட்டில், வங்கியில் பணம் இருக்கும்போதே, மின்கட்டணம் கட்ட மறந்து மூன்று முறை ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மகனுடைய பள்ளிக் கட்டணத்தை உறையில் போட்டு ஒரு மெய்ப்புக் கட்டுக்குள் வைத்து, அந்தக் கட்டை அச்சகத்துக்கே அனுப்பியிருக்கிறேன். வண்ண வண்ணப் பேனாவில் கால அட்டவணை போடுவேன், மூன்றாம் நாள் அது எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது. எனக்குள் இருப்பது இரட்டை மாட்டு வண்டி. ஒரு மாடு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று நிற்கும். இன்னொரு மாடு புதுசாக எதையாவது பார்த்து ஓடும். வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் இடுப்பு ஒடியும்.

இந்த இரண்டு மாடும் ஒரே வண்டியில் இருக்கமுடியாது என்று உங்களுக்கு ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மனநல நோயறிதல் கையேடான டிஎஸ்எம்மின் 1994இல் வந்த நான்காம் பதிப்பின் விதிப்படி, ஆட்டிசம் என்று எழுதினால் கூடவே ஏடிஹெச்டி என்று எழுத வழியில்லை. 2013இல் ஐந்தாம் பதிப்பு வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. அதே பதிப்பில்தான் ஏடிஹெச்டியின் அறிகுறிகள் 7 வயதுக்குள் தெரிந்திருக்கவேண்டும் என்பது 12 வயதாக நீண்டது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, ஒவ்வொரு பட்டியலிலும் உள்ள ஒன்பதில் ஆறு என்ற கணக்கு ஐந்தாகக் குறைந்தது. ஆட்டிசத்துக்கான பகுதியில், வளர்ந்தவர்கள் கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் மறைந்துகிடக்கலாம் என்று விதியோடு விதியாகவே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் படித்த புத்தகம்தான். 2013க்கு முன்னால் பட்டம் வாங்கியவர்கள் கையில் பழைய பாடம் அப்படியே தங்கிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் தொழிலிலும் எழுத்துச் சீர்திருத்தம் வந்து எத்தனையோ வருஷம் கழித்தும் பழைய 'லை'யைத் துதிக்கையோடு போடுகிற ஆசிரியர்கள் இருந்தார்கள்.

ஆட்டிசம் என்றாலே குழந்தை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததென்று யோசித்திருக்கிறேன். மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி 1943இல் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள், அவர்களில் 8 பேர் பையன்கள். அந்தப் பதினொருவரில் முதலாவதாக வந்த டொனால்ட் டிரிப்லெட் வளர்ந்தார், படித்தார், மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற தன் சின்ன ஊரிலேயே வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், 2023இல் தன் 89ஆம் வயதில் இறந்தார். ஆட்டிசம் பையன்களின் விஷயம் என்று எண்பது வருஷமாகச் சொல்கிறோம். அதனால் பெண்கள் விடுபட்டார்கள் என்பதை இப்போதாவது பேசுகிறார்கள், நல்லது. ஆனால் அந்தப் பையன்கள் வளர்ந்து மீசை வைத்துக்கொண்ட பிறகு எங்கே போனார்கள் என்று யாரும் அதிகம் தேடவில்லை. முசுடு, வெகுளி, திமிர் பிடித்தவன், சோம்பேறி, ஓரிடத்தில் நிலைக்காதவன் என்று ஊர் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தையும் வைத்திருந்தது: கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்.

அரசு ஏற்பாட்டிலும் அந்த வெட்டு தெரிகிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் பிறந்தது முதல் 18 வயது வரைக்கும்தான். என் மகனுக்கு அங்கே கதவு திறந்திருக்கிறது, எனக்கு இல்லை. பதினெட்டு வயதுப் பிறந்தநாளன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இது குணமாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

சொல் விஷயத்தில் கொஞ்சம் நிற்கவிடுங்கள், தொழில் புத்தி. மகனுக்குக் கொடுத்த சீட்டில் 'மன இறுக்கம்' என்று எழுதியிருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்த என் அம்மா, "சின்னப் புள்ளைக்கு என்னடா மன இறுக்கம்? யாருடா திட்டுனா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். கடன்காரன் வாசலில் நின்றால் வருவதற்கும் அதுதானே பெயர்? அரசுப் படிவத்தில் இன்னொரு சொல் பார்த்தேன்: 'புற உலக சிந்தனையற்றோர்'. மூன்று வீடு தள்ளி ஓடுகிற மிக்ஸி, பக்கத்து மேசைக்காரர் சட்டையில் காயாத வியர்வை, டியூப்லைட்டின் ரீங்காரம், எல்லாம் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்கின்றன. எனக்கா புற உலகச் சிந்தனை இல்லை? 'கவனக்குறைவு' என்பதும் அப்படித்தான். என்னிடம் கவனம் வண்டி வண்டியாக இருக்கிறது, கேட்கிற இடத்தில் இறக்கத் தெரியவில்லை. ஆட்டிசம், ஏடிஹெச்டி என்றே சொல்லுங்கள். பிரஷரையும் சுகரையும் ஏற்றுக்கொண்ட வாய் இதையும் ஏற்றுக்கொள்ளும்.

இனி சோதனைக்கு வருகிறேன். நான்காவதாக நான் போன இடத்தில் முறையாகவே செய்தார்கள். மூன்று அமர்வு, மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல். உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது, சொல்லப்போவதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த சுயமதிப்பீட்டுத் தாள்களைப் பற்றிப் பேசலாம். 2001இல் கேம்பிரிட்ஜில் உருவான 50 கேள்வித் தாளில் விருந்துக்குப் போவீர்களா நூலகத்துக்குப் போவீர்களா என்று ஒன்று, நாடக அரங்கமா அருங்காட்சியகமா என்று ஒன்று. மன்னார்குடியில் வளர்ந்தவனுக்கு நாடகம் என்றால் திருவிழாவில் விடிய விடிய நடந்த வள்ளி திருமணம். அருங்காட்சியகம் என்றால் எட்டாம் வகுப்புச் சுற்றுலா, அதில் பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டும்தான் ஞாபகம். நான் எதை எழுத? "கல்யாண வீட்டில் பந்தி நேரத்தில் எங்கே நிற்பீர்கள்?" என்று கேளுங்கள். "துக்க வீட்டுக்குப் போனால் என்ன சொல்வதென்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போவீர்களா?" என்று கேளுங்கள். "தெரிந்தவர் எதிரே வருவது தெரிந்தால் தெருவை மாற்றுவீர்களா?" "போன் அடித்து நின்ற பிறகுதான் எடுத்துப் பார்ப்பீர்களா?" இதற்கெல்லாம் எங்களுக்குப் பதில் தெரியும்.

குழந்தைப் பருவ விவரம் கேட்க என் அம்மாவை வரச்சொன்னார்கள். 74 வயது, மன்னார்குடியிலிருந்து ராத்திரி பஸ். ஏசி அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் சொன்னார்: "எல்லாப் புள்ளைங்களும் மாதிரிதாங்க இருந்தான்." எப்போது நடந்தான்? நேரத்துக்கு நடந்தான். எப்போது பேசினான்? நேரத்துக்குப் பேசினான். சிநேகிதர்கள்? எல்லாரும் சிநேகிதம்தான். தன் பிள்ளையைப் பற்றிக் கோட்டு போட்ட ஒருவர் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டால் எந்தத் தாயும் காட்டிக்கொடுக்கமாட்டாள். உளவியலாளர் குறிப்பேட்டை மூடிவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்து உரித்துக்கொண்டே அம்மா பேச ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. "சோத்துல கொழம்பு பட்டுடுச்சுன்னா அந்தத் தட்டையே தொடமாட்டான். தனித்தனிக் கிண்ணம் வேணும். தேருக்கு வேட்டுப் போட்டா நெல்லுக் குதிருக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்குவான், ராத்திரி வரைக்கும் வரமாட்டான். பஸ் ஸ்டாண்டுல எந்த வண்டி எத்தனை மணிக்குன்னு அஞ்சு வயசுலயே ஒப்பிப்பான், கண்டக்டருங்களே இவனக் கேப்பாங்க. பம்பரம் விட மாட்டான், மத்த பசங்க பம்பரத்த வாங்கி வரிசையா அடுக்குவான், அதுக்கு அடி வாங்கிட்டு வருவான். பள்ளிக்கூடத்துக்குப் போனா ஒரு நாளு பை வராது, ஒரு நாளு டிபன் பாக்ஸ் வராது. அஞ்சு டிபன் பாக்ஸுடா ஒரு வருஷத்துல!" என் மனைவி போனில் பதிவு செய்தாள். 38 நிமிடம். மறுநாள் அதை உளவியலாளரிடம் போட்டுக்காட்டினோம். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நேத்து நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்றார். நான் உங்கள் தொழிலின்மேல் மரியாதை வைக்க ஆரம்பித்தது அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நீங்கள் கேட்கிற கேள்வியும் எங்களில் பலரிடம் எடுபடாது. "இப்ப மனசுல என்ன தோணுது?" என்றால் நான் உண்மையிலேயே தேடிப் பார்ப்பேன், ஒன்றும் கிடைக்காது. பேசாமல் இருப்பேன், நீங்கள் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவீர்கள். தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்க வராத இந்தத் தன்மை ஆட்டிசம் உள்ளவர்களிடம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தமிழ் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. வயிற்றைக் கலக்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, தொண்டையை அடைக்கிறதா, கைகால் ஓடவில்லையா, தலை கிறுகிறுக்கிறதா என்று உறுப்பு உறுப்பாகக் கேட்டால் சொல்லிவிடுவேன். சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதையும் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். நேராகக் கேட்டால் நேராகப் பதில் வரும், எங்களிடம் அது ஒரு சௌகரியம்.

ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்து எனக்கும் ஏடிஹெச்டி என்கிறவர்களால் உங்கள் பொழுது வீணாகிறது என்ற அலுப்பு எனக்குப் புரியாமலில்லை. தூக்கமில்லாவிட்டாலும் கவனம் சிதறும். தைராய்டு, மனச்சோர்வு, குடி, ராத்திரி முழுக்கப் போன் எதுவாகவும் இருக்கலாம். சாவியைத் தொலைத்தவனெல்லாம் ஏடிஹெச்டி என்றால் பூட்டுக்கடைக்காரர்தான் தலைமை மருத்துவர். ஆனால் பிரித்துப் பார்க்கத்தானே உங்களிடம் வருகிறோம்? உலகச் சுகாதார நிறுவனம் சார்பில் வந்த 18 கேள்வித் தாளில் முதல் 6 கேள்விகளைக் கேட்க ஐந்து நிமிடம் ஆகாது. முடிவு சொல்ல அது போதாது, மேலே பார்க்கவேண்டுமா வேண்டாமா என்பதற்குப் போதும்.

குறிப்பாகக் குடிநோய் வார்டுகளில் அதைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு கடற்கரையில் நடக்கிற ஒருவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார், 51 வயது. இரண்டு முறை வார்டில் இருந்து வந்தவர். கல்லீரலைப் பார்த்தார்கள், கை நடுக்கத்தைப் பார்த்தார்கள், குடும்பத்தைக் கூப்பிட்டு அறிவுரை சொன்னார்கள். எதற்காக முதல் தடவை குடித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லையாம். அவர் என்னிடம் சொன்னது: "நாலு பேர் பேசற எடத்துல நிக்கணும்னா ஒரு குவார்ட்டர் வேணும் சார். உள்ள போனாத்தான் சத்தம் கொறையும்." எனக்கு வாளி, அவருக்குக் குவார்ட்டர். அவருக்குப் பரிசோதனை நடந்தது போன வருஷம்தான்.

மருந்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் எக்ஸ் அட்டவணையில் உள்ள மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்கவேண்டும், அதற்குத் தனி உரிமம் வாங்கிய கடைகளில்தான் கிடைக்கும். மாதா மாதம் தேதி தவறாமல் மருத்துவரைப் பார்த்து, இரண்டு தாளையும் கசங்காமல் தொலைக்காமல் கொண்டுபோய், இருக்கிற கடையைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். இதையெல்லாம் செய்யமுடிகிறவனுக்கு அந்த மாத்திரை எதற்கு? முதல் சீட்டை நான் பஸ்ஸில் விட்டேன். இரண்டாவது சீட்டோடு போனபோது கடைப்பையன், "பையனுக்கா சார்?" என்றான். எனக்கு என்றேன். அவன் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டிலிருந்த வயதைப் பார்த்தார். கள்ளச்சாவியோடு பிடிபட்டவன் மாதிரி நின்றேன். கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. சீட்டு எழுதும்போதே எந்தக் கடையில் கிடைக்கும் என்று பின்பக்கம் எழுதிக்கொடுங்கள். கடைக்காரரிடம் ஒரு போன் போட்டுச் சொல்லிவையுங்கள். அடுத்த தேதியை நீங்களே குறுஞ்செய்தியில் அனுப்புங்கள்.

மாத்திரை போட்ட முதல் நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு ஃபாரத்தை எடுத்தேன், பதினாறு பக்கமும் முடித்தேன், அடுத்ததை எடுத்தேன். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு ஒரு நாள் இப்படித்தான் போகிறது என்று தெரிந்ததும் கழிவறைக்குப் போய் அழுதேன். ஆனால் ஓடுகிற மாடு அடங்கியதும் நிற்கிற மாட்டின் பிடிவாதம் கூடிவிட்டது. சாப்பாட்டு நேரம் பத்து நிமிடம் தள்ளினால்கூடத் தாங்கவில்லை. பையன் சிவப்புப் பேனாவை எடுத்ததற்குக் கத்தினேன். இப்படியும் ஆகலாம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒன்றுக்குத்தான் மருந்து இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

14 பக்க அறிக்கையில் என் மனைவிக்கு ஒரே ஒரு வரி கிடைத்தது: மனைவி, எரிச்சலைக் குறிப்பிடுகிறார். பதினேழு வருஷக் குடித்தனத்துக்கு ஒரு வரி. மின்கட்டணம், பள்ளிக் கூட்டம், என் மாமா வீட்டுக்குப் போன் பண்ணி 'அவருக்கு உடம்பு சரியில்லை' என்று பொய் சொன்னது, எல்லாம் அவள் பார்த்தவை. அறிக்கை வந்த அன்று நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், ஏதோ பட்டம் வாங்கியவன் மாதிரி. அடுப்படியில் குக்கர் ஆறாவது விசில் அடித்தது. "பேரு தெரிஞ்சிருச்சு, சரி. குக்கர யாருங்க அணைக்கிறது?" என்றாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ஆதரவு என்பது என் எண்ணம். பெயரைச் சொல்லி அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்புவது பாதி வேலை. அவளைத் தனியாக ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டவர் ஐந்தாவதாக நாங்கள் பார்த்த ஒரு இளம் உளவியலாளர். அந்த ஒரு மணி நேரத்திலிருந்துதான் எங்கள் வீட்டில் உருப்படியான காரியங்கள் வந்தன. இன்னொரு அறையிலிருந்து குரல் கொடுத்துச் சொல்வதை அவள் நிறுத்தினாள், வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்குகிறது. என் மேசையில் சமையல் டைமர் ஒன்று, அது அடித்தால் குக்கர் என் பொறுப்பு. பில் எல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிறது. சண்டை முற்றும்போது நான் 'மாடி' என்று ஒரே சொல் சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் இருபது நிமிடத்தில் இறங்கி வந்து பேச்சை முடிக்கவேண்டும். இறங்கி வருவது ஒப்பந்தத்தின் முக்கியமான பகுதி. பேனாவுக்காகப் பையனிடம் கத்தியதற்கு ஆட்டிசத்தைச் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். "காரணம் புரிஞ்சிடுச்சு சார். கத்தினது கத்தினதுதான்" என்றார் அந்த இளைஞர். அந்தக் கண்டிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

சட்டத்தில் எங்கள் நிலை விசித்திரமானது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள், அதில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகை. ஆட்டிசம் வந்துவிட்டது, ஏடிஹெச்டி இன்னும் வெளியே நிற்கிறது. ஆட்டிசச் சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், கூட்டினால் 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. சொன்னதையே திருப்பிச் சொல்லுதல், வந்த பேச்சு நின்றுபோதல் என்று போகிற அந்தப் பட்டியலில் சாம்பார் வாளிக்கு இடம் கிடையாது. எனக்குச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் நேர்முகத் தேர்வில் கேள்விகளை எழுத்தில் கேட்டாலே வேலை கிடைத்துவிடும் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தக் காகிதம் வேண்டும்.

உங்கள் காத்திருப்பு அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து மணி என்று சொல்லி ஒன்றரைக்குக் கூப்பிடுகிறீர்கள். தலைக்கு மேல் டிவி, அதில் சீரியல், பக்கத்தில் டோக்கன் எண்ணைக் கத்துகிற பெண், துடிக்கிற டியூப்லைட். உள்ளே வருவதற்குள் என் வாளியில் ஒன்றும் மிச்சமிருக்காது. அன்று மதியம் நீங்கள் பார்த்தது நான் இல்லை, என் சக்கை. தாமதமாகும் என்றால் சொல்லுங்கள், வெளியே மரத்தடியில் நிற்கிறேன், போன் பண்ணினால் வருகிறேன். செலவில்லாத சிகிச்சை.

கடற்கரையில் நடப்பதைச் சொன்னேனே, எங்களைப் போன்றவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடக்கிறோம். உங்களில் யாராவது இதை ஆஸ்பத்திரியிலேயே தொடங்கலாம். டேமியன் மில்ட்டன் என்ற, தானும் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர், 2012இல் ஒரு கருத்தைச் சொன்னார்: புரிதல் குறை ஒருபக்கத்தது அல்ல, இருபக்கத்தது. எங்களுக்கு உங்களைப் புரியாதது போலவே உங்களுக்கும் எங்களைப் புரியவில்லை. எங்களுக்குள் அந்தச் சிக்கல் குறைவு. பக்கத்தில் பக்கத்தில் நடப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. லாரி புக்கிங் அண்ணன் ஒரு மணி நேரம் டயர் தேய்மானம் பற்றியே பேசுவார், நான் ஒரு மணி நேரம் சந்திப்பிழை பற்றிப் பேசுவேன், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பேசாமலே நடந்துவிட்டு வந்த நாளும் உண்டு. அதுவும் நல்ல நாள்தான்.

இப்போது என் தம்பி விஷயம். 41 வயது. பத்து வருஷத்தில் பதினோரு வேலை. மொபைல் கடை, கோழிப்பண்ணை, டிராக்டர், துபாய், திரும்பவும் மொபைல் கடை. கடைசியாகக் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கே வைத்தான் என்று ஊரே தேடியது. அடுத்த மாதம் 9ஆம் தேதி உங்களில் ஒருவரிடம் அவனுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். மன்னார்குடியிலிருந்து அம்மாவும் கூட வருவார், ராத்திரி பஸ்ஸில். நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தான் என்பார். ஒரு படி சின்ன வெங்காயமும் முறமும் நான் எடுத்துக்கொண்டு வருகிறேன். அறையில் கீழே உட்கார ஒரு பாய் மட்டும் போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துபவர்